நாற்பது கஜ இடமாற்றம்

இடம் மாறிய மூன்றாம் நாள் காலை, ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி நடுக்கோட்டை விட்டு நகர்ந்திருந்தது. ஒரு நெல் அகலம்தான். வேறு யாராக இருந்தாலும் பார்த்திருக்கவே மாட்டார்கள். வெர்னா ஸ்டாக்டேல் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கோபமும் வந்துவிட்டது.

கேஸில் ஓடுகிற பழைய ஃபிரிட்ஜ் அது. கேரவன் கொஞ்சம் சாய்ந்தாலும் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். அந்த விஷயத்தில் வெர்னாவுக்கும் அதற்கும் நல்ல பொருத்தம் என்று பக்கத்து டிரெய்லர் நோரீன் முதுகுக்குப் பின்னால் சொல்வாள், சில நாள் முகத்துக்கு நேராகவும் சொல்வாள். முந்தின நாள் சாயங்காலம்தான் வெர்னா மண்டியிட்டு நாலு சக்கரத்துக்கும் பார்த்துப் பார்த்து மட்டம் சரிசெய்திருந்தாள். ராத்திரி காற்றுகூட அடிக்கவில்லை. தரையோ ஹேக்பெர்ரி வாஷ் என்ற வறண்ட ஓடைத் தரை, சுண்ணாம்பு இறுகிப் பாறையானது, கூடார ஆணியை அடித்தால் ஆணிதான் வளையும். அப்புறம் எப்படிச் சாயும்?

“எவனோ டயர்ல காத்த இறக்கியிருக்கான்” என்றாள் சத்தமாக, யாரும் இல்லாத இடத்தில்.

காற்று இறங்கவில்லை. அழுத்திப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது.

வெர்னாவுக்கு அறுபத்து மூன்று வயது. ஐடஹோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் மக்ரோனி கிண்டியவள். வாடகை ஏற ஏற இவள் இறங்கி இறங்கி, கடைசியில் முப்பது வருஷப் பழைய கேரவன் ஒன்றில் வந்து நின்றாள். அதுதான் வீடு, அதுதான் முகவரி, சொத்து, சொந்தம் எல்லாம். அரிசோனாவின் இந்தப் பாலைவனம் அரசு நிலம். எங்கே வேண்டுமானாலும் வண்டியைப் போட்டுக்கொள்ளலாம். வாடகை கிடையாது, தண்ணீர் கிடையாது, கேட்பாரும் கிடையாது. ஆனால் பதினாலு நாள்தான். பதினைந்தாம் நாள் விடிவதற்குள் இருபத்தைந்து மைல் தள்ளிப் போய்விட வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் வெர்னா ஏற்கெனவே இரண்டு முறை அபராத டிக்கெட் வாங்கியிருந்தாள். மூன்றாவது வாங்கினால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் இருபத்தைந்து மைலுக்குள் ஒரு மலைக் கணவாய் குறுக்கே வரும். இரண்டாவது கியர் இல்லாமல் அதை ஏற முடியாது. அவள் வண்டியின் இரண்டாவது கியர் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே செத்துப்போயிருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஹேக்பெர்ரியில் ஒரு வழி உண்டு. பக்கத்து ஆளோடு இடத்தை மாற்றிக்கொள்வது. அரசு நிலத்தைக் காவல் பார்க்கும் ரேஞ்சர் வந்தால், வண்டி நகர்ந்ததா என்று அறிய, டயரின் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறதென்று படம் எடுப்பார். வால்வும் மாறியிருக்கும், இடமும் மாறியிருக்கும். அவரும் பாவம், பார்த்தும் பாராமல் போவார். எத்தனையோ பேர் அப்படித்தான் குளிர்காலத்தையே ஓட்டினார்கள்.

வெர்னாவின் பதின்மூன்றாம் நாள் ஆர்வில் பீச்சம் தானாக வந்து கேட்டான். எழுபது வயது, ஒண்டிக்கட்டை, வெள்ளை டிரெய்லர். அந்தச் சமவெளியிலேயே நிழல் உள்ள ஒரே மரத்தடியில் நவம்பரிலிருந்து உட்கார்ந்திருந்தான். ஒரு டிக்கெட்கூட வாங்கியதில்லை. அந்த ஒன்றுக்காகவே வெர்னா அவனைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள்.

“என்னம்மா வெர்னா, நாளையோட பதினாலாச்சே. கிளம்புறியா?”

“கிளம்பி எங்க போக? உங்க தாத்தா வீட்டுக்கா?”

“கோவிச்சுக்காத. நீ என் இடத்துக்கு வா, நான் உன் இடத்துக்கு வரேன். நாப்பது கஜம். அதுகூடவா தாங்காது உன் வண்டி?”

“அந்த மரத்தடியையா விடுற? புத்தி கித்தி பிசகிடுச்சா?”

“வெயில் வேணும்மா எனக்கு. மூட்டு வலி.” சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. “ஒண்ணு மட்டும். ‘இந்த இடம் இனிமே என்னோடது’ன்னு வாயால சொல்லிடு. நான் பழைய காலத்து ஆளு பாரு.”

அதென்ன சடங்கு என்று நக்கலடித்துக்கொண்டே வெர்னா சொன்னாள். ஆர்வில் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான், ஏதோ பாரம் இறக்கியவன் மாதிரி. அவன் டிரெய்லர் மரத்தடியிலிருந்து வெளியே வந்தபோது பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் அவன் இல்லை. மாற்றிக்கொண்ட இடத்தில் ஒரு மடக்கு நாற்காலி மட்டும் கிடந்தது.

“ஓடிட்டான்டி” என்றாள் நோரீன். “குளிர்காலம் பூரா இருப்பேன்னான். நாற்காலியக்கூட மடக்கல பாரு. யாரு பொண்டாட்டியோட ஓடினானோ.”

“அந்த மூஞ்சிக்கா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெர்னாவுக்கு மரத்தடி கிடைத்த சந்தோஷம்.

அப்புறம்தான் இந்தக் குமிழி.

நாலாம் நாள் அது இரண்டு நெல் அகலம் போனது. வெர்னா பலகை ஒன்றைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தாள். ஐந்தாம் நாள் அந்தப் பலகையைக் காணவில்லை. நோரீன்தான் எடுத்திருப்பாள் என்று நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

“பலகையா? உன் பலகைய வச்சு நான் என்னடி பண்ண, பல்லு குத்தவா?”

“உன் ஜெனரேட்டர் போடுற ஆட்டத்துலதான் என் வண்டி இறங்குது. ராப்பகலா ஓட்டுற. நிலம் அதிருது.”

“உன் வாய் போடுற ஆட்டத்துல இறங்குதோ என்னவோ!”

அதோடு பேச்சு நின்றது. அந்தச் சமவெளியில் வெர்னாவோடு பேசிக்கொண்டிருந்த கடைசி ஜீவனும் கதவைச் சாத்திக்கொண்டது. திரும்பி வந்த வேகத்தில் வெர்னா கடப்பாரையை எடுத்துப் பின்சக்கரத்தின் ஓரம் கொத்தினாள். பட் பட்டென்று பாறையில் பொறி பறந்தது. ஆனால் டயரை ஒட்டி, டயர் அகலத்துக்கு மட்டும், மாவு மாதிரி மண். கையை விட்டாள். பலகை இருந்தது, அவளுடையதுதான். அதற்குக் கீழே இன்னொன்று, ஆர்விலுடையது. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. முழங்கை வரை விட்டாள், தோள் வரை விட்டாள், கன்னம் தரையில் பட்டது. விரல் நுனி போகிற மட்டும் பலகைதான், மேலே இருந்தவை ஆலையில் அறுத்த பலகைகள், கீழே போகப் போகக் கோடரியால் செதுக்கியவை. கடைசியில் விரலில் தட்டியது இரும்புப் பட்டை போட்ட மரம். மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி வளைந்திருந்தது. கை வெளியே வரும்போது ஈரமாக இருந்தது.

ஏழு மாதமாக அங்கே மழை இல்லை.

மண்வாசனை அடித்தது. முதல் மழைக்கு எழும்பும் அந்த வாசனை, எல்லாருக்கும் பிடிக்குமே, அதேதான். மழையே இல்லாமல், உச்சி வெயிலில், நீலம் பூசின வானத்துக்குக் கீழே, ஒரே ஒரு வண்டிக்கு அடியிலிருந்து மட்டும் அது வந்துகொண்டிருந்தது. வெர்னா கையை ஆடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். இனி ஆர்விலை ஏசியும் புண்ணியமில்லை. ஆனாலும் ஏசினாள். அவன் தாயையும் ஏசினாள். நவம்பரிலிருந்து தினம் ஒரு பலகை கொடுத்து வண்டியைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறான் பாவி. பலகை தீர்ந்ததும் ஏமாளி ஒருத்தியைத் தேடியிருக்கிறான்.

அன்றைக்கு மேசைப் பலகையைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் கட்டில் பலகையை. படுக்கையைத் தரையில் போட்டுக்கொண்டாள். தரைக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. பல் இல்லாத வாய் எதையோ நிதானமாக மெல்லுவது போல, அவசரமே இல்லாமல், மணல் கலந்த மாவைப் பிசைவது போல, நின்று, மறுபடியும் தொடங்கி. காதில் துணியை அடைத்தாள். அப்போதும் முதுகில் கேட்டது.

ஏழாம் நாள் பத்து மணிக்கு ரேஞ்சர் வந்தார். ரூபன் குயின்டானா, முப்பது வயதுப் பையன். ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வெர்னா வாசலுக்கு வந்தாள். இரண்டு இரும்புப் படி இருந்த வாசலில் இப்போது ஒன்றரைப் படிதான் இருந்தது.

“வா தம்பி. டிக்கெட் எழுதத்தானே? எழுது. பேனா இருக்கா, நான் தரட்டுமா?”

“டிக்கெட் எழுத வரல, மேடம்.”

“பின்ன காபி குடிக்க வந்தியா? நான் இங்க வந்து ஏழு நாள்தான். பதினாலுல ஏழு போனா ஏழு. கணக்குத் தெரியும்ல?”

குயின்டானா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரங்களைப் பார்த்தார். டயர் பாதி தெரிந்தது. “இடம் மாத்திக்கிட்டீங்க. அது எனக்குத் தெரியும், எல்லாரும் பண்றதுதான். ஆனா… இந்த இடம் என்னோடதுன்னு சொன்னீங்களா?”

“சொன்னா என்ன?”

அவர் தொப்பியைக் கழற்றினார். “அப்ப உங்க கணக்கு ஏழு இல்ல மேடம். ஆர்விலோட கணக்கு எவ்வளவோ அவ்வளவு.”

“இதென்ன புதுச் சட்டம்? வண்டியப் பறிக்கிறதுக்குத் தினம் ஒண்ணு கண்டுபிடிப்பீங்களோ?”

“வண்டி கிடக்கட்டும். ஒரு பைய மட்டும் எடுத்துக்கிட்டு இப்பவே என்கூட வாங்க. டவுன் சர்ச்சுல படுக்க இடம் தருவாங்க. நானே கொண்டு விடுறேன்.”

“வண்டிய விட்டுட்டு வரணும். விட்ட வண்டிய நீங்க என்ன பண்ணுவீங்க? சொல்லு. வாயத் தொறந்து சொல்லு.”

கேட்பாரற்ற வண்டியை என்ன செய்வார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“பதினாலுன்னு யாரு வச்சாங்கன்னு நினைக்கிறீங்க?” என்றார் மெதுவாக. “எங்க ஆபீஸ்ல எவனோ உக்காந்து வச்சதுன்னா?”

அப்போதுதான் வெர்னா அவர் கால்களைக் கவனித்தாள். அவர் ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒன்றுக்கு முட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி, பேசப் பேச இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

பயம் வந்தது. பயம் வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

“அறுபத்து மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க எல்லாரும். புருஷன் சொன்னான், வீட்டுக்காரன் சொன்னான், பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. எழும்பு, எழும்பு, வேற ஆள் வருது எழும்பு! நான் எங்கயாவது உக்காரணும்ல? இந்தப் பூமியில ஒரு வண்டி அகலத்துக்கு ஒருத்தி உக்காரக் கூடாதா? போ. போய் உங்க பெரிய ஆபீசர்கிட்ட சொல்லு. ஒரு அங்குலம் நகர மாட்டா வெர்னான்னு சொல்லு!”

கதவை அறைந்தாள். குயின்டானா கொஞ்ச நேரம் வெளியே கால் மாற்றிக்கொண்டு நின்றார். அப்புறம் ஜீப் கிளம்புகிற சத்தம்.

மறுநாள் மத்தியானம் அவள் நகரத்தான் பார்த்தாள். அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது, உறுமியது, புகை கக்கியது. கியரைப் போட்டு மிதித்தாள். சக்கரம் சுழலவில்லை. சறுக்கவும் இல்லை. யாரோ இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டது போல, அன்பாக, அசையாமல். என்ஜின் திணறி நின்றது. எரிந்த ரப்பர் வாசனைக்கு மேலே மண்வாசனை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். நல்ல வெளிச்சம். பச்சை வேன் ஒன்றில் பன்னிரண்டு நாளைக்கு முன் வந்த ஜோடி நடந்து வந்தது. டெஸ்ஸா என்று ஒரு பெண், கேலெப் என்று ஒரு தாடிக்காரப் பையன், கூட ஒரு நாய். நாய் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

“ஆன்ட்டி, ஹலோ! எங்களுக்கு நாளையோட பதினாலு. எங்க வேன் ரேடியேட்டர் வேற ஒழுகுது. நோரீன் ஆன்ட்டிதான் சொன்னாங்க, நீங்க இடம் மாத்திக்குவீங்கன்னு.”

“கோவம் வரும், ஆனா மாத்திக்குவாங்கன்னு சொன்னாங்க” என்றான் கேலெப், இளித்துக்கொண்டு.

வெர்னா காபிக் குவளையோடு வாசலில் நின்றிருந்தாள். வாசலில் படியே இல்லை இப்போது.

“இந்த மரத்தடிய எங்களுக்குத் தரீங்களா?” என்றாள் டெஸ்ஸா.

வண்டி எழும்பியது.

கொஞ்சம்தான். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன. காலுக்குக் கீழே இறுக்கம் தளர்ந்து, தரையிலிருந்து மேல்படியின் விளிம்பு ஈரமாக எட்டிப் பார்த்தது. மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. எல்லாமே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெர்னாவுக்குப் புரிந்தது. வீடு திரும்பக் கிடைக்கிறது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், நாலு சுவர். ஒரு வார்த்தைதான். அதைக்கூட அவள் சொல்ல வேண்டியதில்லை, இந்தப் பெண்ணைச் சொல்லவைத்தால் போதும். “ம்…” என்று அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வண்டி இன்னும் நாலு விரல் எழும்பியது. இரண்டாவது படி தெரிந்தது. டயரின் வளைவு தெரிந்தது.

“ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி!” டெஸ்ஸா கைதட்டினாள். “அப்ப இந்த இடம் இனிமே எ…”

குவளை பறந்தது. கேலெபின் தோளில் பட்டு, சூடான காபி அவன் தாடியெல்லாம் தெறித்தது.

“வாய மூடுடி! ஓடு! இன்னொரு வார்த்தை பேசினே, நாக்க அறுத்துருவேன்! பிச்சைக்கார நாய்ங்களா, அடுத்தவ இடத்துக்கு அலையிறீங்களா? ஓடுங்கடா! நிக்காத, நிக்காத அங்க, ஓடு!”

ஓடினார்கள். நாய் அவர்களுக்கு முன்னால் ஓடியது. இன்றைக்கும் ஹேக்பெர்ரியில் வெர்னா பேச்சை எடுத்தால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். கேட்க வந்த பிள்ளைகள் மேல் கொதிக்கிற காபியை ஊற்றின ராட்சசி என்று. நோரீன் கொதிக்கிற எண்ணெய் என்றே சொல்வாள்.

வெர்னா வாசலில் மூச்சு வாங்க நின்றாள். அவ்வளவுதான். முடிந்தது. வீடு போயிற்று. சரி, போகட்டும். ஒரு பையை எடுத்துக்கொண்டு அந்த ரேஞ்சர் பையனைத் தேடிப் போக வேண்டியதுதான். மாத்திரை, கண்ணாடி, ஓட்டுநர் உரிமம், மகள் படம். நாலே நாலு பொருள். உள்ளே திரும்பினாள்.

அலமாரியைத் திறந்தாள். மாத்திரை. கண்ணாடி.

வண்டி இறங்கியது.

இந்த முறை நெல் அகலம் இல்லை. தட்டுகள் விழுந்து உடைந்தன. வாசலில் வெளிச்சம் கீழிருந்து மேலாகச் சுருங்கியது. பாய்ந்து போய்க் கதவைப் பிடித்தாள். திறந்திருந்த கதவை மண் தள்ளிக்கொண்டு வந்து சாத்தியது. பொறுமையாக. நல்ல விருந்தாளி சாத்துவது போல. தோளால் மோதினாள். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அசையவில்லை.

“குயின்டானா! நோரீன்! ஏய் நோரீன்!”

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னலில் மரத்தின் அடி தெரிந்தது. அப்புறம் அதன் வேர். ஜன்னலின் கால் பாகம் மண். அரைப் பாகம். மேலே ஒரு கோடு வானம். நீலமாக.

அந்தக் கோடும் போனது.

இருட்டு. மண்வாசனை. சத்தம் இல்லை. எதையும் மெல்லவில்லை யாரும்.

“போயேன்” என்றாள் வெர்னா. “போ. எங்க கொண்டு போற? என்னை என்ன பண்ணிடுவே? நான் நகர மாட்டேன். நான்…”

ஜன்னலுக்கு வெளியே மண் சரிந்தது.

உதிர்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம். அதற்கு அப்பால் மண் இல்லை. இன்னொரு கண்ணாடி. இன்னொரு வண்டியின் ஜன்னல். பழைய மரச்சட்டம். உள்ளே மங்கலாக விளக்கு. மஞ்சள் பூப்போட்ட திரை.

திரையின் ஓரத்தை விரல்கள் பிடித்தன. மண் நிற விரல்கள்.

விலக்கின.

ஒரு முகம். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, புதிதாகக் குடிவந்தவளைத் தலை முதல் கால் வரை ஆசையாகப் பார்த்தது. அதன் தோளுக்குப் பின்னால், அந்த வண்டியின் மறுபக்க ஜன்னல். அதற்கு அப்பால் இன்னொரு வண்டி. அதற்கு அப்பால் இன்னொன்று. வரிசையாக, கண்ணுக்கெட்டிய மட்டும், கீழே, கீழே.

ஒவ்வொரு ஜன்னலிலும் திரை விலகிக்கொண்டிருந்தது.